பந்தயத் திடலில் ஒரு 'ஒட்டுக் கேட்கும்' பெட்டி!

புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான். அவனுடைய சித்தப்பா பாரீஸில் இருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாராம். தம்பி உடனே, "ரேடியோ ஸ்கேனர் வேண்டும் சித்தப்பா! இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத்துக்கும் சேப்பாக்கம் மேட்சுக்கும் அப்பாவோடு போகும்போது, வீரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கலாமே" என்று சொல்லிவிட்டானாம். "எந்த ஸ்கேனர் நல்லது, எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்பதுதான் அவன் கேள்வி.

கெட்டிக்காரத்தனமான கேள்வி! ஆனால், சித்தப்பா கடைக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் நிறைய இருக்கின்றன. ஒன்றொன்றாகப் பார்ப்போமா?

அது என்ன ஸ்கேனர்?

ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுப்பார்களே, அந்த ஸ்கேனர் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் மார்க் ஷீட்டை வைத்து அழுத்துவார்களே, அதுவும் இல்லை. இது கைக்குள் அடங்கும் ஒரு வானொலிப் பெட்டி. தலையில் குட்டை வால் போல ஒரு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் போலீஸ்காரர் கையில் இருக்கும் வாக்கி டாக்கி போலவே இருக்கும். ஆனால் இதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும்.

வீட்டில் இருக்கும் ரேடியோவை ஒரு நிலையத்தில் வைத்தால் அங்கேயே நிற்கும், இல்லையா? ஸ்கேனர் அப்படி நிற்காது. இரவில் கூர்க்கா தெருவில் நடந்து வருவார் பாருங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நொடி நின்று காதைக் கொடுப்பார். சத்தம் இல்லையென்றால் அடுத்த வீடு. எங்காவது பேச்சுக்குரல் கேட்டால் அங்கேயே நின்றுவிடுவார். ஸ்கேனரும் அதையேதான் செய்கிறது. அதன் நினைவில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைப் பதிந்து வைக்கலாம். ஒரு நொடிக்குப் பல பத்து அலைவரிசைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும். யாராவது பேசினால் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓட்டம்!

அமெரிக்காவில் 'நாஸ்கார்' என்ற கார் பந்தயம் ரொம்பப் பிரபலம். அங்கே பந்தயம் பார்க்க வருகிறவர்களில் பலர் காதில் பெரிய ஹெட்போனும் இடுப்பில் ஸ்கேனருமாகத்தான் வருவார்கள். பந்தயத் திடலிலேயே ஸ்கேனர் வாடகைக்கும் கிடைக்கும். எந்த எண் காருக்கு எந்த அலைவரிசை என்ற பட்டியலும் விற்பார்கள்.

அதில் என்ன கேட்கும்? "டயர் தேய்ந்துவிட்டது" என்று ஓட்டுநர் புலம்புவார். "இன்னும் இரண்டு சுற்று பொறு" என்பார் குழுத் தலைவர். இவர்களைத் தவிர 'ஸ்பாட்டர்' என்று ஒருவர் உண்டு. பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நின்றுகொண்டு, "இடப்பக்கம் ஒரு கார் ஒட்டி வருகிறது... இப்போது போய்விட்டது" என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஹெல்மெட்டும் இருக்கையும் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஓட்டுநரால் தலையைத் திருப்ப முடியாது. அவருக்கு ஸ்பாட்டர்தான் மூன்றாவது கண்.

அங்கே எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதலில் பார்ப்பது அலைவரிசை எல்லை. அமெரிக்கப் பந்தயக் குழுக்கள் பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் பேசுகின்றன. பெட்டி அந்த இடத்தைப் பிடிக்காவிட்டால், விலை எவ்வளவு இருந்தாலும் அங்கே அது வெறும் டப்பாதான்.

இரண்டாவது, அனலாகா டிஜிட்டலா என்பது. அனலாக் மட்டும் பிடிக்கும் எளிய கைப்பெட்டி சுமார் 100 டாலருக்குக் கிடைக்கிறது. டிஜிட்டலும் பிடிக்கும் உயர்ந்த ரகம் 600 டாலரையும் தாண்டும். ஆனால், பூட்டுப் போட்ட பேச்சை, அதாவது சங்கேதமாக மாற்றி அனுப்பும் பேச்சை, 600 டாலர் பெட்டியாலும் திறக்க முடியாது. ஃபார்முலா ஒன் குழுக்கள் பேசுவது இப்படிப் பூட்டுப் போட்ட டிஜிட்டல் பேச்சுதான். ஸ்கேனரை நீட்டினால் 'கொர்ர்ர்' என்ற இரைச்சலே மிஞ்சும். டி.வி.யில் நாம் கேட்கிறோமே, அது போட்டி நடத்துகிறவர்கள் தாங்களே எடுத்து ஒளிபரப்புவது.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். 'ஸ்குவல்ச்' என்று ஒரு திருகு இருக்கும். பேச்சு இல்லாத நேரத்து இரைச்சலை அதுதான் அடக்கும். அது வழுவழுவென்று திருக வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியிலும் ஓடினால் நல்லது, பாதிப் பந்தயத்தில் சார்ஜ் தீர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

ஹெட்போன் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 100 டெசிபல் சத்தத்தைக் காது தாங்கும் நேரம் ஒரு நாளைக்குச் சுமார் 15 நிமிடம்தான் என்கிறார்கள் நிபுணர்கள். பந்தயக் கார்களின் உறுமல் அதையும் தாண்டும். அதனால் வெளிச் சத்தத்தை அடைக்கும் கனமான ஹெட்போன்தான் அங்கே போடுகிறார்கள். சாதாரண இயர்போனை மாட்டிக்கொண்டு, கார் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமைக் கூட்டினால், காதுக்கு இரட்டைத் தண்டனை!

காதில் விழுந்த சேதி

"அடுத்தவர் பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் நினைக்கலாம். கேளுங்கள் கதையை.

2010 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் திடலில் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெராரி அணியின் ஃபெலிப்பே மாஸா முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் அதே அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ. திடீரென்று மாஸாவின் காதில் அவருடைய என்ஜினீயர், அலோன்சோ உன்னைவிட வேகமாக வருகிறார், புரிந்ததா என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் மாஸா வழிவிட்டார், அலோன்சோ ஜெயித்தார். அணியே சொல்லி முடிவை மாற்றுவது அப்போது விதிப்படி தப்பு. அந்தப் பேச்சு ஒளிபரப்பில் உலகம் முழுக்கக் கேட்டுவிட்டது! ஃபெராரிக்கு 1,00,000 டாலர் அபராதம்.

2016-ல் வேறு மாதிரி. ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் தானே ஓட்ட வேண்டும் என்று ரேடியோவில் என்னென்ன சொல்லலாம் என்பதையே குறுக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிரிட்டன் பந்தயத்தில் நிக்கோ ராஸ்பெர்க் காரின் கியர் மக்கர் செய்தது. ஏழாவது கியரில் நிற்காமல் தாண்டிப் போ என்று குழு சொல்லிக்கொடுத்தது. அவ்வளவுதான், 10 விநாடி தண்டனை! இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். "கார் பழுதானதைக் கூடச் சொல்லக் கூடாதா?" என்று ஒரே சர்ச்சை. அந்த மாதக் கடைசிக்குள் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் தளர்த்திவிட்டார்கள்.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரானாரே, அவருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் இப்படி ஒரு குரல் கூடவே பயணம் செய்திருக்கும்.

கிரிக்கெட்டிலும் இது நடந்தது. அதுவும் நம் அணிக்கு எதிராக! 1999 மே 15, இங்கிலாந்தின் ஹோவ் மைதானம். உலகக் கோப்பையில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதின. கங்குலியும் திராவிடும் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியே காதில் ஏதோ சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்டு காதிலும் அதே! பெவிலியனில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பாப் உல்மர், ரேடியோ மூலம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர்கள் கவனித்தார்கள். போட்டி நடுவர் தலத் அலி, தண்ணீர் இடைவேளையில் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் செய்யக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் அப்போது எழுதியிருக்கவில்லை! பிறகுதான் தடை வந்தது. கங்குலி 97 ரன்களில் ஆட்டமிழந்தார். காதுக் கருவி இல்லாமலும் தென்னாப்பிரிக்கா அந்த மேட்சை ஜெயித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

பிரான்ஸின் 'தூர் தெ ஃபிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்திலும் வீரர்கள் காதில் ரேடியோ உண்டு. இது சைக்கிள் ஓட்டத்தின் அழகைக் கெடுக்கிறது, மேனேஜர் சொல்வதைக் கேட்டு ஓட்டுவதற்கு வீரர் எதற்கு என்று பல பேர் குறைப்பட்டார்கள். சரி, ஒருநாள் இல்லாமல்தான் பார்ப்போமே என்று 2009-ல் ஒரு நாளைக் குறித்தார்கள். எந்த நாள் தெரியுமா? ஜூலை 14. புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிற அதே பிரெஞ்சு தேசிய நாள்! ரேடியோவைப் பிடுங்கிய கோபத்தில் வீரர்கள் அன்று ஊர்வலம் போவதுபோல மெதுவாக ஓட்டினார்கள். இன்னொரு நாளும் அப்படி நடத்த இருந்த திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

சித்தப்பாவின் பெட்டி ஏர்போர்ட்டில்...

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அமெரிக்காவில் கடையில் கிடைக்கிறதே என்று நம் ஊருக்கும் கொண்டுவரலாமா? கூடாது!

நம் நாட்டில் கம்பியில்லாத் தொடர்புக் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் சாதாரண ரேடியோவுக்கும் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1980-களில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பாட்டும் செய்தியும் கேட்கிற ரேடியோவுக்கு இப்போது எந்த அனுமதியும் வேண்டாம். ஸ்கேனர் அந்தச் சலுகைக்குள் வராது. 2023-ல் நிறைவேறிய புதிய தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்கிறது. பிறருடைய தகவலை அனுமதியில்லாமல் இடைமறித்துக் கேட்பது குற்றம் என்றும் சொல்கிறது. இணையக் கடையில் விற்கிறார்களே என்று நம்பிவிடாதீர்கள். உரிமம் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணையக் கடைகளுக்கு 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சித்தப்பா ஆசையாக வாங்கி வந்து சுங்க அதிகாரியிடம் கைகட்டி நிற்க வேண்டுமா என்ன?

குருசுக்குப்பம் போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்குப் போகும் படகுகளில் கையடக்க வி.எச்.எஃப். கருவி பார்த்திருப்பீர்கள். அதில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்காக ஒதுக்கப்பட்டது. உலகம் முழுக்க அதே எண்தான். படகு மூழ்குகிறது என்றால் அதில் 'மேடே, மேடே, மேடே' என்று மூன்று முறை சொல்வார்கள். பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்குமே! 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொற்களின் ஒலிதான் அது. 1920-களில் லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் பிறந்த சொல்.

இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால், தண்ணீர் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பிடித்த கருவியின் பேச்சு 6 கிலோமீட்டர் வாக்கில் அடிவானத்தைத் தொட்டுவிடும். எதிர்ப் படகிலும் 2 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அவ்வளவுதான்! அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. விளையாட்டுக்கு யாராவது கருவியை எடுத்து "ஹலோ, ஹலோ" என்று அமுக்கிக்கொண்டிருந்தால், அதே நொடியில் உதவி கேட்கும் குரல் அமுங்கிப் போகலாம். ஸ்கேனரில் பேச முடியாதுதான். ஆனால் ஸ்கேனர் என்று பெயர் சொல்லி விற்பவற்றில் சில, பேசவும் கூடிய வாக்கி டாக்கிகளே. பொத்தானைப் பார்த்தால் அமுக்காத கை உண்டா? கடலில் ஆபத்து என்று கரையில் தெரிந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் சொல்லலாம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

நல்ல ஒரு பாக்கெட் ரேடியோ! உதட்டைப் பிதுக்காதீர்கள். உலகின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 'ரீஜென்சி டி.ஆர்.-1' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1954 நவம்பரில். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு இணைந்ததும் அதே 1954 நவம்பரில்தான். அந்தச் சட்டைப்பை ரேடியோ வந்த பிறகுதான், மைதானத்தில் உட்கார்ந்துகொண்டே வர்ணனையும் கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. சேப்பாக்கத்தில் காதோரம் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, தமிழில் அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டபடியே மேட்ச் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்! இங்கிலாந்தில் விம்பிள்டன் டென்னிஸுக்கென்றே 1992 முதல் தனி வானொலி நிலையம் இயங்கியது. பார்வையாளர்கள் சின்ன ரேடியோவோடு வந்து கேட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். மத்திய அலையில் நம் நாட்டு நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஐரோப்பாவிலும் அப்படியே. அமெரிக்காவிலோ 10. சென்னை வானொலியின் 720-ஐ 9-ஆலும் வகுக்கலாம், 10-ஆலும் வகுக்கலாம். அதனால் தப்பித்தது. புதுச்சேரி வானொலி மத்திய அலையில் ஒலிபரப்பி வந்த 1215-ஐ வகுத்துப் பாருங்கள். 9-ஆல் மீதியில்லாமல் போகும், 10-ஆல் போகாது! அமெரிக்க டிஜிட்டல் ரேடியோ 1210-லிருந்து 1220-க்குத் தாவிவிடும், நடுவில் இருக்கும் நம் நிலையம் கிடைக்காது. 9/10 மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜப்பானிலிருந்து வருகிறதென்றால் எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே எஃப்.எம். எல்லை வேறு.

இயர்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எம். கேட்கும்போது அந்த இயர்போன் ஒயர்தான் பல பாக்கெட் ரேடியோக்களில் ஆன்டெனா. அதைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு "சரியாகவே எடுக்கலை" என்று பெட்டியைத் தட்டினால் பெட்டி என்ன செய்யும், பாவம்! மத்திய அலைக்கு உள்ளேயே ஒரு கறுப்புக் குச்சி இருக்கும், ஃபெரைட் என்று பெயர். ரேடியோவைப் பக்கவாட்டில் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் தெளிவாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் கேட்கும். மைதானத்தில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இன்னொரு காது கூட்டத்துக்கு. சில மைதானங்களில் மின்னணுப் பொருட்களை உள்ளே விட மாட்டார்கள், டிக்கெட்டின் பின்பக்கத்தை அப்பாவோடு சேர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

அங்கே ஒரு சோதனையும் செய்யலாம். பேட்ஸ்மேனிடமிருந்து 80 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். மட்டையில் பந்து படும் 'டக்' சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வந்து சேரக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அதே சத்தத்தை ஸ்டம்ப் மைக் பிடித்து, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அது திரும்பிக் கீழே வரவும் கிட்டத்தட்ட கால் நொடிதான்! விண்வெளிக்குப் போய் வந்த சத்தமும் புல்தரை மேல் நடந்து வந்த சத்தமும் போட்டியில் சமம். ஆனால் இப்போது நடுவில் டிஜிட்டல் இயந்திரங்கள் புகுந்துகொண்டதால் ஒலிபரப்பு இன்னும் சில நொடிகள் பின்தங்கிவிடுகிறது. போனில் இணையம் வழியாகக் கேட்டால் கேட்கவே வேண்டாம், விக்கெட் விழுந்து அடுத்த பேட்ஸ்மேன் நடந்து வரும்போதுதான் "அவுட்!" என்று கத்துவார்கள்.

இல்லை, எனக்கு ரேடியோவில் மனிதர்கள் பேசுவதைத்தான் கேட்க வேண்டும், நானும் பேச வேண்டும் என்கிறீர்களா? அதற்கும் நேர்வழி ஒன்று இருக்கிறது. 'ஹாம்' என்கிற அமெச்சூர் வானொலி. கார் ராலி, மாரத்தான் போன்றவற்றில் வழிநெடுக நின்று செய்தி சொல்ல ஹாம்கள் உதவுவது உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். மற்ற தொடர்புகள் அறுந்துபோன அந்தமானிலிருந்து அவர்களுடைய ரேடியோதான் சேதிகளை வெளியே அனுப்பியது. நம் கரையை அடித்ததும் அதே அலைதான்.

ஹாம்களின் பேச்சில் பூட்டுப் போடக் கூடாது என்பது விதி, அதனால் இங்கே ரகசியமும் இல்லை. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் தருகிறது. கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை, இவ்வளவுதான் பாடம். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வரும் மின்சுற்றுப் பாடம் நன்றாகத் தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம். பேசும்போது சொல்ல ஆளுக்கொரு அழைப்புக்குறி கிடைக்கும். இந்தியாவில் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி தேர்வு எழுதக் குறைந்தபட்ச வயது 12.